குறைப்பட்டியலில் நான்காவது

நிர்மலாவுக்கு நிலாவின் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அது பாட்டுக்கு வளர்ந்துவிட்டுப் போகட்டும், தேய்ந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அமாவாசை கழிந்து ஒன்பதாம் நாள் எடுத்த படத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு முழு நிலாவைக் கொண்டுவந்து வை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்கூடத் துலக்காமல் ஒருவன் வந்து நின்றால், அவன் கட்டின புருஷனாகவே இருந்தாலும், எரிச்சல் வருமா வராதா?

“ஏனுங்க, ஆயுதபூஜை அன்னைக்கு எடுத்த படமுங்க இது. நவமியில முழு நிலா எங்கிருந்து வரும்?” என்றாள்.

“தசராவுல யாரு நிலாவப் பாக்கறாங்க? எல்லாரும் லைட்டத்தான் பாப்பாங்க,” என்றான் மனோஜ்குமார்.

“யாரும் பாக்க மாட்டாங்கன்னா அப்பறம் எதுக்கு வெக்கோணும்?”

“ஒரு ஃபினிஷிங் வேணுமில்ல புள்ள.”

ஃபினிஷிங் என்பது அவன் வேலைசெய்யும் இடத்து வார்த்தை. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறான். குறை கண்டுபிடிப்பதுதான் அங்கே அவனுக்கு வேலை. எட்டு மணி நேரம் வால்வுகளில் கண்டுபிடித்தது போதாமல், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி மண்டி மொஹல்லா வீட்டுக்குள் நுழைந்ததும் சாம்பாரில், திரைச்சீலையில், பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கும் கோணத்தில் என்று தொடர்ந்து கண்டுபிடிப்பான். இப்போது படத்தில் ஆரம்பித்திருந்தான். ஒரு வெள்ளைத் தாளில் மேலே ‘குறைகள்’ என்று கன்னடத்தில் எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எண் போட்டு எழுதியிருந்தான்.

ஒன்று, தெருவுக்குக் குறுக்கே போகும் கேபிள் வயர். இரண்டு, நடுரோட்டில் உடைத்துப்போட்ட பூசணிக்காய். மூன்று, வாழைக்கன்று கட்டின ஆட்டோ. நான்கு, நட்ட நடுவில் நிற்கிற வழுக்கைத் தலை ஆள். ஐந்து, நிலா இல்லை.

இல்லாத பொருளையும் குறையென்று எழுதுகிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது? நிர்மலா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்தப் படம் வந்த கதையைச் சொன்னால்தான் அவளுடைய எரிச்சலின் முழு நீளமும் தெரியும்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் போகிற பெரிய ரோட்டைப் பார்த்தாற்போல் முதல் மாடியில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே பதினோரு வருடமாகக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள் நிர்மலா. மாப்பிள்ளையின் முகப்பருவை எடுப்பது, அழுதுகொண்டிருக்கிற அத்தையைச் சிரிக்கவைப்பது, சாப்பாட்டுப் பந்தியில் வாயைத் திறந்திருப்பவர்களை மூடவைப்பது எல்லாம் அவள் கைவேலை. எத்தனை ஆல்பம் போயிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ஸ்டூடியோ பெயர் இருக்கும், படம் எடுத்தவர் பெயர் இருக்கும். அவள் பெயர் ஒன்றில்கூட இருந்ததில்லை. அதைப்பற்றி அவள் யாரிடமும் முறையிட்டதில்லை. முறையிடவில்லை என்பதற்காக ஆசை இல்லை என்று ஆகிவிடுமா?

ஆயுதபூஜை அன்று காலையிலேயே மனோஜ்குமார் தன் புதுக் கேமராவுக்குப் பூஜை போட்டான். ஸ்டாண்டுக்கு மூன்று காலிலும் பொட்டு, கேமரா உச்சியில் ஒரு சாமந்திப்பூ, லென்ஸின் வட்ட விளிம்பில் குழைத்த சந்தனமும் குங்குமமும். சந்தனம் கொஞ்சம் தளர்வாகப் போய்விட்டது, வழிந்தது, கைக்குட்டையால் துடைத்தான். அந்தத் துடைப்பில்தான் வினை. பழைய கேமராவுக்கு அவன் பொட்டுகூட வைக்கவில்லை. பேட்டரி மூடி கழன்றுவிழாமல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிற அதைப் பூஜையில் வைப்பது மரியாதையில்லை என்று நினைத்தானோ என்னவோ. அது நிர்மலாவின் பைக்குள் சும்மா கிடந்தது.

சாயங்காலம் ஸ்டூடியோவிலும் பூஜை. பொரியும் கடலையும் கொடுத்துவிட்டு முதலாளி கிளம்பிவிட்டார். நிர்மலா மனோஜ்குமாருக்கு உரிய பொட்டலத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் கீழே, ரோட்டில் ஜனத்துக்கு நடுவே ஸ்டாண்டை ஊன்றி, தசரா விளக்குகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ‘இதோ வந்துட்டேன்’ என்று போனில் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் பால்கனிக்கு வந்து கூப்பிட்டாள். கைதட்டினாள். பொரியில் ஒரு கை அள்ளி வீசியும் பார்த்தாள். மேலே சிவப்பு விளக்குத் தோரணம், இரண்டு பக்கமும் மஞ்சள் சரம், ரோடு முழுக்க ஜனம் அலைமோதுகிறது, மாலை போட்ட பஸ்களும் ஆட்டோக்களும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அத்தனைக்கும் நடுவில் இந்த மனுஷன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, கேமராவின் குட்டித் திரைக்குள் கண்ணைப் புதைத்து, ஆடாமல் அசையாமல் நிற்கிறான். ஊரே எந்த விளக்கைப் பார்க்க வந்ததோ அந்த விளக்கைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

‘இருங்க, வீட்டுக்கு வந்து நீங்க நின்ன லட்சணத்தக் காட்டறேன்,’ என்று முனகிக்கொண்டு அவள் பழைய கேமராவை எடுத்தாள். துப்பட்டாவை மடித்துப் பால்கனிச் சுவரில் வைத்து, அதன்மேல் கேமராவைப் பதித்து, ஷட்டர் நாலு வினாடி திறந்திருக்கும்படி வைத்து, ஒரே ஒரு தடவை அழுத்தினாள். சண்டைக்குச் சாட்சியாக எடுத்த படம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலில் அவனுடைய படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டும் மோருக்குள்ளிருந்து பார்த்ததுபோல் இருந்தன. நிர்மலா கேமராவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். கண்ணாடி முழுக்கச் சந்தனம் மெல்லிசாகக் காய்ந்திருந்தது.

“சந்தனம் அப்பியிருக்குதுங்க. தர ஆய்வு பண்றவரு கண்ணாடியப் பாக்க மாட்டீங்களா?”

“அது அன்னைக்கிப் பனி,” என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல்.

அடுத்து அவள் தன்னுடைய ஒற்றைப் படத்தைத் திறந்தாள். திறந்தவளே நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு வினாடியில் நடந்தவர்கள் எல்லாம் கரைந்து புகைபோல ஓடியிருந்தார்கள். பஸ் விளக்குகள் நீளக் கோடுகளாக இழுபட்டிருந்தன. தோரணம் தனித்தனி பல்பாகத் துல்லியமாக இருந்தது. ஓடுகிற அந்த ஜனப் புகைக்கு நடுவில் அசையாமல் நின்ற ஒரே ஆள் மட்டும், சட்டை மடிப்பு தெரிகிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தான். சண்டைக்கு எடுத்த படம் இப்படி அழகாக வந்து உட்காரும் என்று அவள் நினைக்கவில்லை. பெருமையாக இருந்தது. அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும், ஆசையாகவும்கூட இருந்தது. ‘பாத்தீங்களா, இதுதான் நீங்க’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

“ஏய், சூப்பரா இருக்குதே!” என்றான் மனோஜ்குமார். “ஆனா யாரு புள்ள இந்த வழுக்கத் தலையன்? கம்பமாட்டம் நடுவுல நிக்கறான். நான் நின்ன எடத்துக்குப் பக்கத்துலயே நின்னிருக்கான் பாரு. அதான் என் படமெல்லாம் கெட்டுப்போச்சு!”

நிர்மலா அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறான் என்று நினைத்து, அவன் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. தன் உச்சந்தலையை எந்த மனுஷன்தான் பார்த்திருக்கிறான்? அவன் தினமும் கண்ணாடி முன்னால் நின்று சீவுவது முன்பக்கத்தை, அது அடர்த்தியாகத்தான் இருக்கும். பின்னால் இருப்பதை அவனுக்குச் சொல்ல யாருக்கும் மனசு வந்ததில்லை. அவனுடைய நீலச் சட்டையும் சிவப்பு விளக்குக்கு அடியில் ஊதாவாகிப்போயிருந்தது. ஸ்டாண்டும் கேமராவும் அவன் உடம்புக்கு முன்னால் மறைந்துபோயிருந்தன.

“யாருன்னு தெரியலீங்களா?”

“எவனோ ஒருத்தன். எடுத்துரு.”

கூப்பிட்ட குரல் காதில் விழவில்லை, வீசின பொரி தலையில் பட்டும் தெரியவில்லை, இப்போது தன் முதுகே தனக்குத் தெரியவில்லை. நிர்மலா தனக்கு வந்த கோபத்தில், ‘இருக்கட்டும், எத்தனை நாளைக்குத்தான் தெரியாமல் இருக்கிறாரென்று பார்க்கிறேன்’ என்று வாயை மூடிக்கொண்டாள்.

படம் எதற்கு என்றால், கம்பெனியில் வருடாவருடம் தசரா புகைப்படப் போட்டி நடக்கும். முதல் பரிசு வாங்குகிற படத்தைப் புதுவருடக் காலண்டரில் அக்டோபர் பக்கத்தில் போடுவார்கள். கீழே எடுத்தவர் பெயர் இருக்கும். ஊழியர்களோடு அவர்கள் வீட்டு ஆட்களும் கலந்துகொள்ளலாம். மனோஜ்குமார் ஆறு வருடமாக அனுப்பி ஆறு வருடமும் தோற்றிருக்கிறான்.

“பேரு எம்பேருதான போடுவீங்க?” என்று அவள் கேட்டாள்.

“ஆய்த்து ஆய்த்து, சரி, போடறேன். நீ மொதல்ல ரிப்பேரப் பாரு.”

“எத எடுக்கலாம் எத எடுக்கக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குமுங்களே?”

“அதெல்லாம் சும்னே, ஒரு பேருக்குப் போட்டிருப்பாங்க.”

அன்று முழுக்க அதே வேலை. கேபிள் வயரை எடுத்தாள். பூசணிக்காயை எடுத்தாள். வாழைக்கன்று கட்டின ஆட்டோவை எடுத்ததும் அது ஆயுதபூஜைத் தெரு என்பதற்கு இருந்த கடைசி அடையாளமும் போயிற்று. நான்காவதுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. சுற்றியிருக்கிற ஜனப் புகையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்த ஆளின்மேல் பூச வேண்டும். கால் போயிற்று, இடுப்பு போயிற்று, தோள் போயிற்று. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிக்ஸர் தின்றுகொண்டே அவன் மேற்பார்வை பார்த்தான்.

“தலை இன்னும் மின்னுது பாரு. அதையும் தேய்ச்சுரு.”

கட்டின புருஷனைத் தன் கையாலேயே, அதுவும் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, சுத்தமாகத் துடைத்து எடுத்த பெண் மைசூரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கடைசியில் இணையத்திலிருந்து இறக்கின நிலா ஒன்றைத் தோரணத்துக்கு மேல் தொங்கவிட்டாள். “இன்னும் சித்த பெருசா,” என்றான். பெரிதாக்கினாள். “இன்னும் சித்த.” பெரிதாக்கினாள். “கெரகமே,” என்று மவுஸை நகர்த்திவைத்துவிட்டு அடுப்படிக்கு எழுந்துபோனாள். திரும்பி வருவதற்குள் அவன் படத்தை அனுப்பிவிட்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தான். “பத்துல ஒன்னா வந்திருச்சு!” என்று போனை நீட்டினான். கம்பெனி வாட்ஸப் குழுவில் பட்டியல் போட்டிருந்தார்கள். நிர்மலா சந்தோஷமாகத்தான் வாங்கிப் படித்தாள். ஏழாவது வரியில் இருந்தது: மனோஜ்குமார், தர ஆய்வுப் பிரிவு.

அவள் மூன்று தடவை படித்தாள். எத்தனை தடவை படித்தாலும் அதேதான் இருந்தது.

“எம்பேரு எங்கீங்க?”

“அது… ஃபார்ம்ல ஊழியர் நம்பர் கேட்டாங்க. என் நம்பர் போட்டேன், பேரு தானா வந்திருச்சு.”

“கீழ குடும்பத்தாருன்னு ஒரு கட்டம் இருந்திருக்குமில்ல?”

“நீ வேற நான் வேறயா நிர்மலா?”

“வேற இல்லீன்னா நாளைக்கிக் காலைல கம்பெனி ரிஜிஸ்டர்ல எம்பேர எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, பாக்கலாம்!”

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஆறு வருசம் புள்ள. ஒவ்வொரு அக்டோபரும் மாசம் பூரா அந்தப் பக்கம் என் டேபிளுக்கு நேரா தொங்குது. வேற எவம்பேரோதான் இருக்கும்,” என்றான். அவன் சொன்ன விதத்தில் பொய் இல்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஆறு வருடத்துக்கே இவனுக்கு இத்தனை வலி என்றால், பதினோரு வருடத்துக்கு அவள் என்ன செய்வது? அன்று ராத்திரி சப்பாத்தி வட்டமாக வரவில்லை. அதை அவன் குறையென்று சொல்லவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் போட்டியை நடத்துகிற மனிதவளப் பிரிவு ஹேமந்த் போன் செய்தார். மனோஜ்குமார் ஸ்பீக்கரில் போட்டான்.

“மனோஜ், படம் நல்லா இருக்கு,” என்றார் ஹேமந்த் கன்னடத்தில். “ஆனா நடுவர்ல ஒருத்தர் ஒரு சந்தேகம் கேட்டார். நவராத்திரியில முழு நிலா எப்படி வந்ததுன்னு.”

நிர்மலா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“அது… கொஞ்சம் எடிட்டிங் சார்.”

“வெளிச்சமும் கலரும்தான் சரிபண்ணலாம், எதையும் சேர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாதுன்னு மூணாவது விதி இருக்கே. பரவால்ல, கேமராவுல விழுந்த அசல் படத்தக் கொண்டு வாங்க. அசல் நல்லா இருந்தா அதையே எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. நாளைக்கு மூணு மணிக்கு கேன்டீன் ஹால்ல, பெரிய திரையில போடுவோம். எல்லாரும் வருவாங்க.”

போனை வைத்துவிட்டு அவன் அவளைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

“சரி, நிலா தப்புதான். அசலக் குடு புள்ள.”

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது, மனசு கேட்காமல், “கொண்டுபோறதுக்கு முன்னால ஒருக்கா நல்லாப் பாத்துட்டுப் போங்க. நாலாவது குறைய நல்லாப் பாருங்க,” என்றாள்.

“அந்த வழுக்கையா? ரூல்ஸ்ல எடுக்கக்கூடாதுன்னா என்ன பண்றது, நின்னுட்டுப் போறான். பதினாலு வருசமா பாக்குற வேலையத்தான் பாக்கறேன், எனக்குச் சொல்லிக்குடுக்கிறியா?”

“இல்லீங்க. போய்ட்டு வாங்க.”

வியாழக்கிழமை ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை ஓடவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவன் பதினான்கு வருடமாக டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் உட்காருவான். பின்னால் இருக்கிற நாற்பது பேரும் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருப்பது அந்த உச்சந்தலையைத்தான். அவனைவிட அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதைப் பெரிய திரையில், எல்லாருக்கும் முன்னால், அவனே கொண்டுபோய்ப் போடப்போகிறான். நன்றாக வேண்டும் என்று ஒரு மணிவரைக்கும் நினைத்தாள். ஒன்றரைக்குக் கொஞ்சம் இளகியது. இரண்டேகாலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. போனை எடுத்து, ‘அந்த வழுக்கை நீங்கதான். படத்தப் போடாதீங்க’ என்று அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது, வேலைநேரத்தில் அவர்கள் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே மூன்று மணியைக் கடந்தாள்.

சாயங்காலம் அவன் மெதுவாக வந்தான். பையை வைத்தான், கால் கழுவினான், தண்ணீர் குடித்தான். எந்தக் குறையும் சொல்லவில்லை. பிறகு அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“ஒரு போட்டோ எடு,” என்றான்.

“எதையுங்க?”

“தலையத்தான்.”

அவள் அவனுடைய போனை வாங்கி, அதில் எடுத்துக் காட்டினாள். அவன் விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

“இவ்வளவா?” என்றான்.

“நாலஞ்சு வருசமாச்சுங்க.”

“உனக்கு மொதல்லயே தெரியுமா?”

“எடுக்கறதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. உங்கள எடுக்கத்தான அந்தப் படமே எடுத்தேன்.”

பிறகு ஹாலில் நடந்ததை அவனாகவே சொன்னான். திரையில் படம் வந்ததும் ஹாலே சத்தம் இல்லாமல் ஆயிற்றாம். நடுவர்கள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்களாம். அந்த ஆள் அசையாமல் நிற்பதால்தான் இது படமாகியிருக்கிறது, இவனை எடுத்துவிட்டு நிலாவை வைக்க எப்படி மனசு வந்தது என்று ஒருவர் கேட்டாராம். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏய், ஃபர்ஸ்ட் சீட்டு!” அவ்வளவுதான், பஸ்காரர்கள் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். “நம்ம மனோஜ் தலைதான்டா!” ஹால் இரண்டுபட்டுப்போயிற்றாம்.

“அப்பறம் ஹேமந்த் கேட்டாரு. படத்துல நிக்கிறது நீங்கன்னா, அப்ப எடுத்தது யாருன்னு.”

நிர்மலா நாற்காலியைச் சுற்றி அவன் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு வாயே வரல. பக்கத்துல இருந்தவன், டைமர் வெச்சிருப்பாரு சார்னு எடுத்துக் குடுத்தான். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.” அவன் தலையைத் தடவிக்கொண்டான். “அந்தப் படத்துல நானு அத்தன லைட்டுக்கு நடுவுல தலையத் தொங்கப்போட்டு நிக்கறேன் புள்ள. அதப் பாத்துட்டே பொய் சொல்ல வரல. எடுத்தது என் மிஸஸ்னு சொல்லிட்டேன்.”

அவள் ஐந்து நாளாகச் சேர்த்துவைத்திருந்த கோபம் மொத்தமும் இறங்கி, இந்த மனுஷனுக்கு இன்று இன்னொரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

“அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. அக்டோபர் பக்கம் நம்முளுது. உம்பேர அங்கயே மாத்தி எழுதிக்கிட்டாங்க.”

“என்னன்னுங்க எழுதினாங்க?”

“திருமதி மனோஜ்குமார்.”

நிர்மலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “அதக் கேட்டுட்டு நீங்க சும்மாவா இருந்தீங்க?”

“ஏன், என்ன தப்பு?”

இறங்கின கோபம் வட்டியோடு ஏறியது. ஹாலில் நூறு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லத் தைரியம் இருந்த மனுஷனுக்கு நாலே எழுத்தில் இருக்கிற பெண்டாட்டி பெயரைச் சொல்லத் தோன்றவில்லை! சொல்லக்கூடாது என்றுகூட இல்லை, தோன்றவேயில்லை. அவள் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி ஹேமந்த் நம்பரைத் தட்டினாள்.

“சார், நான் அந்த தசரா படத்த எடுத்தவ பேசறேன்,” என்றாள் கன்னடத்தில். “காலண்டர்ல போடற பேர ஒருக்கா சொல்லட்டுமா? எழுதிக்குங்க. நிர்மலா.”

“நிர்மலா… பின்னால மனோஜ்குமார்னு போடலாமா மேடம்?”

“இல்ல சார். நிர்மலா மட்டும் போதும்.” ஒரு நிமிடம் திரும்பி அவனைப் பார்த்தாள். நாற்காலியில் அந்தப் படத்தில் இருந்த மாதிரியேதான் குனிந்து உட்கார்ந்திருந்தான். “மனோஜ்குமார் பேரும் போடுங்க சார், ஆனா தனியா. ‘படத்தில் இருப்பவர்’னு போட்டு, அதுக்கு நேரா எழுதுங்க.”

ஹேமந்த் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அச்சுக்குப் போகுமுன் கலர் மட்டும் சரிபார்த்து அனுப்பச் சொன்னார்.

போனை அவன் மடியில் போட்டுவிட்டு அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கேபிள் வயர் இருந்தது, பூசணிக்காய் இருந்தது, வாழைக்கன்று கட்டின ஆட்டோ இருந்தது. நடுவில் அவன் இருந்தான். மனோஜ்குமார் நாற்காலியை மெல்ல இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான்.

“நிர்மலா.”

“சொல்லுங்க.”

“அக்டோபர் பூரா என் டேபிளுக்கு நேராத் தொங்கும் புள்ள. அந்த உச்சியில மட்டும் சித்த… கருப்பு அடிச்சு…”

“மூணாவது விதி,” என்றாள் நிர்மலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எதையும் சேக்கக் கூடாதுங்க.”